பொங்கலுக்கு வேண்டாம், ஆயுத பூஜைக்கே மாற்றுங்கள்!



ஐப்பசி மாதத்து அடைமழைக் காலை. பாலவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றிருந்தேன். பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமி குடையைச் சாய்த்துப் பிடித்தபடி சாலையைக் கடக்கக் காத்திருந்தாள். சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

திருவான்மியூர்ப் பக்கமிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுநர் சிவப்பு விளக்கைப் பார்த்தார், பிரேக்கும் போட்டார். பின் சக்கரங்கள் சுழல்வது நின்றுவிட்டது. ஆனால் லாரி நிற்கவில்லை! பாசி படிந்த குளத்துப் படியில் கால் வழுக்குவதுபோல, அவ்வளவு பெரிய வண்டி நீரின் மேல் வழுக்கிக்கொண்டே வந்தது. "பாப்பா, பின்னால போ!" என்று டீக்கடைக்காரர் கத்தினார். சிறுமி துள்ளிப் பின்வாங்கினாள். கோட்டைத் தாண்டி, அவள் நின்ற இடத்தையும் தாண்டி லாரி நின்றது. நல்லவேளை, அவள் கையிலிருந்து நழுவிய குடை மட்டும்தான் நசுங்கியது.

ஓட்டுநர் இறங்கி வந்தார். அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் கொடுத்த டீயைக்கூட அவரால் சிந்தாமல் குடிக்க முடியவில்லை.

"லோடு இருந்தா நின்னிருக்கும் சார். காலி வண்டிதான் மழையில இழுத்துக்கிட்டுப் போயிடுது" என்றார்.

நான் குனிந்து பின் டயர்களைப் பார்த்தேன். லாரிக்காரர்கள் 'பட்டன்' என்று சொல்லும் மேடுபள்ளங்கள் இருந்த இடமே தெரியவில்லை. "டயர் இப்படி இருக்கே?" என்று கேட்டேன்.

"ஓனர்கிட்ட சொல்லிட்டேன் சார். பொங்கலுக்கு மாத்திடலாம்னு சொல்லியிருக்கார்."

பொங்கலுக்கு! அதாவது, மழையெல்லாம் ஓய்ந்த பிறகு!

அந்த ஓட்டுநர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் என் மனத்தை விட்டு அகலவில்லை. முதல் வாக்கியத்தில் ஓர் அருமையான அறிவியல் இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் நாம் திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு பெரிய தவறு இருக்கிறது. இரண்டையும் உங்களோடு சேர்ந்து ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

நம் ஊரின் குளிர்காலம் எது?

'குளிர்கால டயர்' என்று ஒன்று உண்டு என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் தொடங்கியதும் வண்டிகளுக்கு வேறு டயர்களை மாட்டுவார்கள். உலகின் முதல் குளிர்கால டயர் 1934-இல் பின்லாந்து நாட்டில் செய்யப்பட்டது. இன்று 'நோக்கியன்' என்ற பெயரில் இயங்கும் டயர் நிறுவனத்தின் முன்னோடி அதைச் செய்தது. அது காருக்காகச் செய்யப்பட்டதன்று, லாரிக்காகச் செய்யப்பட்டது! பனி மூடிய சாலையில் பாரம் இழுக்க வேண்டியவருக்குத்தானே அதன் தேவை முதலில் புரியும்?

"நமக்கு எதற்கு அந்தக் கவலை? சென்னையில் பனியா பெய்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். மார்கழி அதிகாலையில்கூடச் சென்னையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். குளிர்கால டயர் மாட்டுங்கள் என்று டயர் நிறுவனங்கள் அறிவுரை சொல்வது வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊர்களுக்கு.

ஆனால் குளிர்காலம் என்பதை வெப்பமானியை வைத்து மட்டும் அளக்கலாமா? சாலையின் பிடி எந்த மாதங்களில் குறைகிறதோ, அந்த மாதங்களே வண்டிக்குக் குளிர்காலம். ஸ்வீடனில் அது பனியாலும் உறைபனியாலும் குறைகிறது. சென்னையில் அது மழையால் குறைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும்தான் நம் சாலைகளின் குளிர்காலம்.

குளிரில் ரப்பருக்கு என்ன ஆகிறது?

முதலில் அசல் குளிரைப் பார்த்துவிடுவோம். ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது இழைகள் வளைந்து நெளிந்து விலகிக் கொடுக்கும். இரவெல்லாம் வைத்திருந்தால் விறைத்துப் போகும், வளைத்தால் ஒடியும். ரப்பரின் சங்கிலிகளும் அப்படித்தான். வெப்பம் இருக்கும்வரை அவை ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். அதனால்தான் டயர், சாலையில் உள்ள சிறு சிறு கற்களின் இடுக்கிலும் புகுந்து பிடித்துக்கொள்கிறது. குளிரக் குளிர அசைவு குறையும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே ரப்பர் கண்ணாடியைப்போல் கெட்டியாகிவிடும். இயற்கை ரப்பருக்கு அந்த எல்லை ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரி. ஆனால் அந்த எல்லைக்கு வெகு முன்பே அது விறைக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த விறைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகம் 1986 ஜனவரி 28 அன்று கண்டது. அன்று அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்கலம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி, ஏழு பேர் உயிரிழந்தனர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்திருந்த ரப்பர் வளையங்கள் அன்றைய கடுங்குளிரில் விறைத்துப்போனதே காரணம். இயற்பியல் மேதை ரிச்சர்டு ஃபைன்மேன் விசாரணைக் குழுவின் முன்னால் ஒரு துண்டு ரப்பரைக் கிடுக்கியால் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் போட்டுக் காட்டினார். வெளியே எடுத்துக் கிடுக்கியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஒரு டம்ளர் குளிர்நீரில் முடிந்துபோன சோதனை அது!

குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகி இருக்கும்படி கலக்கப்படுகிறது. அதன் பட்டன்களில் மெல்லிய கீறல்கள் பல இருக்கும். அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்விக்கொள்ளும். நம் நாட்டிலேயே ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையிலும், இமாசலத்தின் மணாலிக்கு அப்பாலும் செல்லும் லாரிகள் பனிப்பொழிவின்போது டயரின் மேல் இரும்புச் சங்கிலி சுற்றிக்கொண்டு ஊர்வதைக் காணலாம்.

குளிர் டயரின் காற்றையும் விட்டுவைப்பதில்லை. நீங்கள் வகுப்பில் படித்த வாயு விதியை இங்கே போட்டுப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில், சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு என்று காற்றடித்த ஒரு லாரி டயர், மழைநாளில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு துளி காற்றும் கசியாமலே அழுத்தம் ஏறத்தாழ 4 பவுண்டு குறைந்துவிடும். அதே லாரி காஷ்மீரத்துக்குப் போய் 0 டிகிரியில் நின்றால் 14 பவுண்டு குறையும். (கணக்கிடும்போது வளிமண்டல அழுத்தம் 14.7 பவுண்டைக் கூட்டிக்கொள்ள மறவாதீர்கள். வெப்பநிலையைக் கெல்வினில் எழுதுங்கள்.)

ஒரு நொடிக்கு ஒரு குடம்

இப்போது பாலவாக்கத்துக்குத் திரும்புவோம். இங்கே ரப்பர் விறைக்காது. பின் ஏன் அந்த லாரி வழுக்கியது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சாலையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது. லாரி டயர் சாலையில் பதியும் அகலம் கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 60 கி.மீ., அதாவது நொடிக்கு 16.7 மீட்டர். இந்த மூன்றையும் பெருக்குங்கள். ஒவ்வொரு நொடியும் அந்த ஒரு டயர் தன் வழியிலிருந்து தள்ள வேண்டிய நீர் ஏறத்தாழ 12.5 லிட்டர். ஏறக்குறைய ஒரு குடம்!

நொடிக்கு ஒரு குடம் நீரை அந்த டயர் எங்கே தள்ளும்? டயரில் ஓடும் பள்ளங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. அவை அழகுக்காக வெட்டிய கோலங்கள் அல்ல, மழைநீர் வாய்க்கால்கள். தெருவில் வாய்க்கால் தூர்ந்துபோனால் மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. டயரில் வாய்க்கால் தேய்ந்துபோனால் மழைநீர் டயருக்கும் சாலைக்கும் நடுவே வருகிறது. நீர் நடுவே வந்துவிட்டால் டயர் சாலையைத் தொடாது. நீரின் மேல் மிதக்கும். இதை 'நீர்ச்சறுக்கல்' என்று சொல்லலாம். அந்நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயன் இல்லை. பிரேக்கை மிதித்தாலும் பயன் இல்லை.

வறண்ட சாலையில் மட்டும் ஓடும் பந்தயக் கார்களுக்குப் பள்ளமே இல்லாத மொழுமொழு டயர் மாட்டுகிறார்கள். அங்கே ரப்பர் முழுவதும் சாலையைத் தொடுவது நல்லது. மழை வந்தால் அவர்களும் உடனே நிறுத்தி, பள்ளமுள்ள டயருக்கு மாறிவிடுவார்கள். ஆகவே "வெயிலில் இந்த டயர் நன்றாகத்தானே நிற்கிறது?" என்று சொல்லும் லாரி உரிமையாளர் பொய் சொல்லவில்லை. வெயிலில் அது நிற்கும். மழையில்தான் அதன் குறை வெளிப்படும்.

காலி லாரியும் தவறிப்போன சூத்திரமும்

இனி ஓட்டுநரின் முதல் வாக்கியம். "லோடு இருந்தா நின்னிருக்கும்." இது எப்படி? எடை கூடினால் நிறுத்துவது கடினம் என்றுதானே நமக்குத் தோன்றும்?

1960-களில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் வால்டர் ஹார்ன் என்ற ஆய்வாளர், மழையில் இறங்கும் விமானங்களின் டயர்கள் ஏன் வழுக்குகின்றன என்று ஆராய்ந்தார். அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1963-இல் ஓர் எளிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் காணுங்கள். அதை 16.7 ஆல் பெருக்குங்கள். பள்ளங்கள் தாங்காத அளவுக்கு நீர் நின்றால், ஏறத்தாழ அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் டயர் மிதக்கத் தொடங்கும். 30 பவுண்டு காற்றுள்ள கார் டயருக்கு மணிக்குச் சுமார் 91 கி.மீ. என்று விடை வரும். 100 பவுண்டு காற்றுள்ள லாரி டயருக்கோ 167 கி.மீ.! அந்த வேகத்தில் எந்த லாரி போகிறது? "லாரிக்கு நீர்ச்சறுக்கல் பயமே இல்லை" என்று பலரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

ஆனால் சாலை வேறு பாடம் சொன்னது. மழைநாள்களில் லாரிகள் நிலைதடுமாறின. அதிலும் பாரம் இல்லாத லாரிகளே அதிகம் தடுமாறின. 1980-களின் நடுவில் ஹார்னும் மற்ற ஆய்வாளர்களும் பழைய சூத்திரத்தை மறுபடி கையில் எடுத்தார்கள். அதில் ஒரு செய்தி விடுபட்டிருந்தது. டயர் சாலையில் பதியும் தடத்தின் வடிவம்தான் அது.

பாரம் ஏற்றிய லாரியின் டயர் நன்றாக அமுங்கி, நீளமான தடம் பதிக்கும். தடத்தின் முன்பகுதி நீரைத் தள்ளும். பின்பகுதி சாலையைப் பற்றிக்கொள்ளும். அதே லாரி பாரத்தை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? 12,000 லிட்டர் தண்ணீர் லாரி தொட்டியைக் காலி செய்தால் 12 டன் எடை இறங்கிவிடுகிறது. டயரில் காற்றோ முழுப் பாரத்துக்காக அடித்த அதே காற்று. எனவே டயர் அமுங்குவதில்லை. தடத்தின் அகலம் அதிகம் மாறாது, நீளம் மட்டும் சுருங்கிவிடும். நீரைத் தள்ளி முடிப்பதற்குள் தடம் முடிந்துபோகும். சாலையைப் பற்றிக்கொள்ளப் பின்பகுதி என்று ஒன்றுமே மிஞ்சாது. காலி லாரி சாதாரண நெடுஞ்சாலை வேகத்திலேயே மிதக்கக்கூடும் என்று அந்த ஆய்வுகள் காட்டின.

பிரேக்கும் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. லாரியின் பிரேக் முழுப் பாரத்தை நிறுத்தும் வலிமை கொண்டது. காலி வண்டியில் அதே அழுத்து அழுத்தினால் சக்கரம் சட்டென்று இறுகிப்போய்ச் சுழல்வதை நிறுத்திவிடும். சுழலாத சக்கரம் வழுக்கும். புதிய கனரக லாரிகளில் இதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு இருக்கிறது. அது சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் சாலையில் இல்லாத பிடியை அதனால் உண்டாக்கித் தர முடியாது.

நாசாவின் ஆய்வாளர்கள் இரண்டு முறை முயன்று கண்ட உண்மையை நம் தண்ணீர் லாரி ஓட்டுநர் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார். அவருக்கு அறிவு குறைவில்லை. அவர் ஓட்டிய வண்டிக்கு டயர்தான் குறைவு. தண்ணீர் லாரியோ போகும்போது நிறைகுடம், திரும்பும்போது வெறுங்குடம். அதன் பாதி ஓட்டம் காலி ஓட்டம்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நிற்க எத்தனை மீட்டர்?

வண்டி பிரேக் பிடித்தபின் ஓடும் தூரத்தை நீங்களே கணக்கிடலாம். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் 9.8, எண் 2 ஆகியவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். வேகம் மணிக்கு 60 கி.மீ. என்று கொள்வோம். உராய்வுக் குணகத்துக்கு ஒரு மாதிரிக்காக நான்கு மதிப்புகளை எடுத்துக்கொள்வோம்.

உலர்ந்த சாலை, நல்ல டயர், குணகம் 0.6: சுமார் 24 மீட்டர்.
ஈரச் சாலை, நல்ல டயர், குணகம் 0.4: சுமார் 35 மீட்டர்.
நீர் நிற்கும் சாலை, வழுக்கை டயர், குணகம் 0.2: சுமார் 71 மீட்டர்.
பனிக்கட்டி படிந்த சாலை, குணகம் 0.1: சுமார் 142 மீட்டர்.

ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும் ஒரு நொடியில் ஓடும் 17 மீட்டரை ஒவ்வொன்றோடும் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது வரியைப் பாருங்கள். நல்ல டயருக்கு ஈரச் சாலையில் ஆகும் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு! அதிகமாக ஓடும் அந்த 36 மீட்டர், வரிசையாக நிறுத்திய மூன்று மாநகரப் பேருந்துகளின் நீளம். அந்த மூன்று பேருந்து நீளத்துக்குள் எத்தனை பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்!

வேகம் பாதியானால் தூரம் கால் பங்காகும் என்பதும் இந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது. மழையில் மெதுவாகப் போவது கோழைத்தனம் அன்று, கணிதம்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, லாரி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. புதிய லாரி டயரில் வகைக்குத் தக்கபடி 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை பள்ளம் இருக்கும். ஈரச் சாலையில் புது டயருக்கு எவ்வளவு பிடி வேண்டும் என்பதற்கும் 2022-இல் அரசு தரம் வகுத்து அறிவித்தது. அது மிக நல்ல செய்தி. ஆனால் அந்தச் சோதனை புது டயருக்கு உரியது. ஓடி ஓடித் தேய்ந்த டயருக்கு மிஞ்சும் பாதுகாப்பு அந்த 1.6 மில்லிமீட்டர் விதி ஒன்றுதான்.

1.6 மில்லிமீட்டர் என்பது சித்திரைக்கும் அதுவே, ஐப்பசிக்கும் அதுவே. மற்ற நாடுகளில் அப்படியா? ஸ்வீடனில் குளிர்காலத்தில், சாலையில் பனி இருக்கும்போது, கனரக வண்டிகளின் டயர்ப் பள்ளம் 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் லாரி, பேருந்துகளின் முன் டயருக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர் என்று விதி. தங்கள் சாலைக்கு எது பகையோ, அதை வைத்து அவர்கள் விதி செய்திருக்கிறார்கள். நம் சாலைக்குப் பகை பருவமழை. நம் விதியில் பருவமழை எங்கே?

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, லாரி, பேருந்து, பள்ளி வேன் ஆகியவற்றின் எல்லா டயர்களிலும் குறைந்தது 3 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும் என்று விதி வேண்டும். விதி வரும்வரை அது வழக்கமாகவாவது வேண்டும். அதுதான் நம் குளிர்கால டயர்.

"ஆனால் ஐயா..." என்பவர்களுக்கு

இதைச் சொன்னவுடன் மறுப்புகள் வரும். அவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

"டயர் விலை தெரியுமா? ஒரு லாரி வைத்துப் பிழைப்பவர் எப்படித் தாங்குவார்?" நியாயமான கேள்வி. ஆனால் கணக்கைப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் பள்ளமுள்ள டயரில் 1.6 வரை தேய்க்க 13.4 மில்லிமீட்டர் ரப்பர் கிடைக்கிறது. 3 மில்லிமீட்டரோடு நிறுத்தினால் இழப்பது 1.4 மில்லிமீட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்த இழப்பும் முழு இழப்பு அன்று. டயரை அடிவரை தேய்த்து உடற்கூட்டைக் கெடுத்துவிட்டால் ரீட்ரேடு செய்ய முடியாது. சற்று முன்னதாகக் கழற்றினால் உடற்கூடு பிழைத்து, புதுப் பட்டன் ஒட்டி மறுபடி ஓடும்.

"ரீட்ரேடு டயரே ஆபத்து அல்லவா?" முறையாகச் செய்த ரீட்ரேடில் ஆழமான பள்ளம் இருக்கிறது. மழையில் நீரைத் தள்ளும் வேலைக்கு, அடிவரை தேய்ந்த அசல் டயரைவிட அது எவ்வளவோ மேல். நம் லாரிக்காரர்கள் புது டயரை முன்னாலும் ரீட்ரேடு டயரைப் பின்னாலும் போடுவது அனுபவம் தந்த பாடம். நான் எதிர்ப்பது வழுக்கை டயரைத்தான்.

"இருக்கிற விதியையே யாரும் பார்ப்பதில்லை, புது விதி எதற்கு?" இது கசப்பான உண்மை. எஃப்.சி. காட்டுவது ஒரு நாள். மழை மூன்று மாதம். எனவே போலீஸ்காரரை மட்டும் நம்பிப் பயனில்லை. லாரித் தண்ணீரை வாங்குவது யார்? அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அலுவலகங்களும் விடுதிகளும்தான். தண்ணீர் சுத்தமா என்று கேட்கிறார்கள். நேரத்துக்கு வருமா என்று கேட்கிறார்கள். "டயர் நன்றாக இருக்கிறதா?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் என்ன? அதற்காக ஒரு லோடுக்குச் சிறிது கூடக் கொடுத்தாலும் தகும். ஏனெனில் அந்த லாரி ஓடுவது அவர்களுடைய தெருவில். கடந்து போவது அவர்களுடைய குழந்தைகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி விபத்து நடந்தால் முதலில் அடி வாங்குபவர் ஓட்டுநர். வழக்கும் அவர் மேல்தான். ஆனால் டயர் வாங்கும் அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவரிடம் பொறுப்பும் இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் பள்ளிப் பேருந்திலிருந்தே தொடங்கலாம். வண்டி நிறுத்தப்பட்டு, எஞ்சின் அணைந்திருக்கும்போது, ஓட்டுநரின் அனுமதியோடு, ஆசிரியருடன் சேர்ந்து பாருங்கள். ஒரு தீக்குச்சியை டயரின் பள்ளத்தில் நிறுத்தி, மேல் விளிம்பில் நகத்தால் அடையாளம் செய்து, அடிக்கோலால் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடங்களில் அளங்கள். பள்ளத்தின் அடியில் குறுக்காகச் சிறு சிறு மேடுகள் இருக்கும். தேய்மானத்தைக் காட்ட டயர் செய்பவர்களே வைத்த அடையாளம் அது. டயரின் மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அளவுகளை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஓட்டுநரைக் குற்றம் சாட்டாதீர்கள். அவர் பலநாள் சொல்ல நினைத்ததை உங்கள் தாள் சொல்லட்டும்.

சாலையைக் கடக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். மழையில் சிவப்பு விளக்கை மட்டும் நம்பாதீர்கள். சக்கரங்கள் நின்றதை மட்டும் பார்த்தும் காலெடுத்து வைக்காதீர்கள். வண்டியே நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு கடந்து செல்லுங்கள். காலியாகக் குலுங்கி வரும் லாரியைக் கண்டால் இன்னும் இரண்டடி பின்னால் நில்லுங்கள்.

கடைசியாக, அந்த ஓட்டுநரின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். "பொங்கலுக்கு மாத்திடலாம்." நம் மக்களுக்கு நல்ல காரியம் செய்ய ஒரு நல்ல நாள் வேண்டும். வேண்டட்டும்! ஆனால் அந்த நல்ல நாள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயுத பூஜை, வடகிழக்குப் பருவமழையின் வாசலில்தான் வருகிறது. அன்று எல்லா லாரிகளையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைக்கிறோம். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்படுகிறது. எலுமிச்சம்பழம் வைக்க ஒருவர் டயருக்கு அருகே குனிகிறார் அல்லவா? குனிந்ததே குனிந்தார், பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துவிட்டு எழுந்தால் போதும்.

பாலவாக்கத்தில் அன்று நசுங்கியது ஒரு குடை. அடுத்த மழையில் குடைகூட நசுங்க வேண்டாம். பொங்கலுக்கு மாற்றப் போகும் டயரை ஆயுத பூஜைக்கே மாற்றச் சொல்லுங்கள்!